துடைப்பம் தொடாத குளிர்காலம்

— இந்த உலகத்துல மூழ்கவே முடியாத பொருள் ரெண்டு இருக்கு, ரக்னா. ஒண்ணு தக்கை. இன்னொண்ணு என் படகு.

— தக்கை மேல ஒரு மீட்டர் பனி விழுந்து பாத்திருக்கீங்களா, டாக்டரே?

— முப்பத்தோரு வருஷம் பல் டாக்டரா இருந்தவன் நான். எது ஆடும், எது விழும், எது நிக்கும்னு தொட்டுப் பாக்காமலே சொல்லிடுவேன். கடவாப்பல் நிக்கும்.

— அதான் படகுக்கே 'கடவாப்பல்'னு பேரு வெச்சீங்களாக்கும்.

— வேற என்ன வெக்கறது? உன் படகு மாதிரி கிளாரான்னா? அப்புறம் தினமும் காலையில நின்னு அதோட பேசணும். இப்ப வரும்போதுகூட நீ பேசினது காதுல விழுந்துச்சு. "காலை வணக்கம் கிளாரா, ராத்திரி ரொம்பக் குளிருச்சா?" யாரு கிட்ட? ஏழு மீட்டர் மரப்பெட்டிகிட்ட.

— பதில் சொல்லுவா.

— என்ன சொல்லுவா?

— முனகுவா. கயிறு இறுகினா ஒரு மாதிரி, ஐஸ் நெருக்கினா ஒரு மாதிரி. பேச்சுக் குடுத்துட்டுக் காதை வெச்சாத்தானே தெரியும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பனி உங்க பூட்ஸ் மேல விழும். ஆமா, பதினோரு மணிக்கு முன்னாடி நீங்க படகுத்துறைக்கு வந்து நான் பாத்ததே இல்லையே?

— வீட்டுல தூரிட் பெருக்கிட்டிருக்கா. தப்பிச்சு வந்தேன். இங்க வந்தா நீ பெருக்கிட்டிருக்கே. இந்த நாட்டுல துடைப்பம் இல்லாத இடமே இல்ல போல.

— உங்க படகு ஒண்ணுதான் பாக்கி.

— சரியாச் சொன்னே. நீ கையால செய்யறதை என் படகு அறிவால செய்யுது. அடியில ஒரு விசிறி தொங்குது. ஆழத்துல இருக்கற வெதுவெதுப்பான தண்ணியை மேல தள்ளும், சுத்தி ஐஸ் பிடிக்காது. உள்ள ஹீட்டர். கூரைப் பனி அந்தச் சூட்டுல தானா வழுக்கி விழுந்துடும். உள்ள தண்ணி வந்தா பம்ப்பு வெளிய துப்பும். அதையும் மீறி ஏதாவது ஆச்சுன்னா என் போன்ல மணி அடிக்கும். பதினோரு வாரம் ஆச்சு, ஒரு தடவைகூட அடிக்கல.

— கூரை சுத்தமாத்தான் இருக்கு.

— பாத்தியா. உன் வாயாலயே வந்துடுச்சு.

— உங்க வீட்டம்மா தூரிட் என்ன சொல்றாங்க?

— அக்டோபர்லயே சொன்னா, எல்லாரையும் மாதிரி படகைக் கரையில ஏத்துங்கன்னு. பந்தயம் கட்டினேன். துடைப்பத்தால என் படகைத் தொடாமலே ஈஸ்டர் வர்ற வரைக்கும் மிதக்க வெக்கறேன்னு. தோத்தா ஈஸ்டர் முழுக்க அவ தம்பி ஒத்வாரோட மலைவீட்டுல இருக்கணும். பத்து நாள். கக்கூஸ் வெளிய, பனிக்குள்ள அறுபது அடி நடக்கணும். காலையில பையில ஆரஞ்சுப் பழத்தைப் போட்டுக்கிட்டு பனிச்சறுக்கு. சாயங்காலம் ஒத்வார் அக்கார்டியன் வாசிப்பான்.

— ஈஸ்டர்னா அதானே. ஊரே போகுது.

— ஊரு கேக்கற அக்கார்டியன்ல பல பாட்டு இருக்கு, ரக்னா. ஒத்வார்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.

— ம். இந்தத் துடைப்பமும் தேஞ்சுபோச்சு. இந்தக் குளிர்காலத்துல இது ரெண்டாவது.

— ஒரு படகுக்கு ரெண்டு துடைப்பமா? அழுத்தித் தேய்க்கறே. பல்லும் இப்படித்தான் தேயும்.

— ஆமா ஆமா. நான் வரேன், டாக்டரே. ஏழு பத்துக்கு ஒஸ்லோ பஸ்ஸை எடுக்கணும். ஓட்டுற ஆள் வரலேன்னா பஸ் தானா வழுக்கிட்டுப் போகாது.

*

— ரக்னா, நான்தான், டாக்டர் ஐலிஃப். படகுத்துறையிலேருந்து பேசறேன். முதுகு எப்படி இருக்கு?

— படுத்தே கிடக்கேன், இன்னியோட நாலு நாள். பஸ் சீட்லேருந்து எந்திரிக்கறப்ப பிடிச்சதுதான். டாக்டர் அசையவே கூடாதுன்னுட்டார். நிஜ டாக்டரைச் சொல்றேன். என்ன விஷயம்? உங்க குரலே சரியில்லையே.

— ஒண்ணுமில்ல. பொது அறிவுக்காகக் கேக்கறேன். ஒரு படகு பின்பக்கம் கொஞ்சம் உக்காந்தாப்பல இருந்தா, அது எதனால?

— எவ்வளவு கொஞ்சம்?

— மூக்கு வானத்தைப் பாக்குது.

— கடவாப்பல்லா?

— பேரு எதுக்கு இப்ப.

— டாக்டரே. கூரையில பனி எவ்வளவு இருக்கு?

— கூரையில முழங்கால் அளவு. பின்னாடி உக்கார்ற இடத்துல இடுப்பளவு. மூணு நாளா விடாமக் கொட்டுதே. ஹீட்டர் கொஞ்சம் மெதுவா வேலை செய்யுதுன்னு நினைக்கறேன்.

— பின்பக்கம், பம்ப்பு தண்ணி துப்பற ஓட்டை இருக்குமே, அது கண்ணுக்குத் தெரியுதா?

— தெரியல.

— அப்ப அது தண்ணிக்கு அடியில போயிடுச்சு. வெளிய துப்ப வேண்டிய ஓட்டை இப்ப உள்ள குடிக்குது. மணி அடிக்கலையா?

— மூணு நாளா மூச்சே இல்ல. நல்ல சேதின்னு நினைச்சேன்.

— கரண்டுக் கம்பத்துல உங்க பெட்டியைத் திறந்து பாருங்க. தொடாதீங்க, பாருங்க.

— ஸ்விட்ச் தானா அணைஞ்சு கிடக்கு.

— ஹீட்டர் இழுத்த இழுப்பு. அது நின்னுச்சு, விசிறி நின்னுச்சு, பம்ப்பு நின்னுச்சு. மணி அடிக்கவும் கரண்டு வேணுமே, டாக்டரே.

— வித்தவன் இதைச் சொல்லவே இல்ல.

— அவனுக்கு நீங்க பேச இடம் குடுத்திருக்க மாட்டீங்க. சரி, என் துடைப்பம் கம்பத்துல தொங்கும். உறைஞ்சு ஒட்டியிருக்கும், தட்டி எடுங்க.

— ஒட்டல. எடுத்துட்டேன். ஆனா ரக்னா, பந்தயம்.

— படகு முழுகினாலும் மலைவீடு, துடைப்பம் பட்டாலும் மலைவீடு. படகாவது மிஞ்சட்டும்.

— பதினோரு வாரம் தொடாம இருந்தேன். இப்பப் போய்...

— டாக்டரே, அந்தப் பந்தயத்துல நீங்க நவம்பர்லயே தோத்தாச்சு. தினமும் காலையில உங்க படகைப் பெருக்கினது நான்தான்.

— நீயா? கூரைப் பனி தானா வழுக்கல?

— ஒரு நாள்கூட வழுக்கல.

— ஏன் சொல்லல?

— சொல்ல என்ன இருக்கு? முதல்ல வர்றவங்க பக்கத்துப் படகுப் பனியையும் தள்ளிவிட்டுப் போறதுதானே இந்தத் துறையில வழக்கம். சொன்னா நீங்க வாதாடுவீங்க. பெருக்கப் பத்து நிமிஷம், உங்களோட வாதாட ஒரு மணி நேரம். எனக்கு ஏழு பத்துக்கு பஸ்ஸு.

— இது தூரிட்டுக்குத் தெரிஞ்சா...

— ரெண்டாவது துடைப்பம் வாங்கித் தந்ததே அவங்கதான். ஈஸ்டருக்கு உங்களைக் கூட்டிட்டு வரவேண்டாம்னு ஒத்வார் கெஞ்சினாராம். போன தடவை அக்கார்டியனைப் பத்தி ஏதோ சொன்னீங்களாமே.

— கருத்து சொன்னேன்.

— அந்தக் கருத்துதான் உங்களைக் காப்பாத்தியிருக்கு. இப்பப் பெருக்குங்க. படகுல ஏறாதீங்க, பின்பக்கம் உங்க எடையும் சேந்தா அவ்வளவுதான். துறை மேல நின்னு நீட்டித் தள்ளுங்க. முதல்ல பின்பக்கம்.

— போனைத் தொப்பிக்குள்ள சொருகியிருக்கேன். மூச்சு வாங்கினா தப்பா நினைக்காதே.

— சுத்தி ஐஸ் பிடிச்சிருக்கா?

— மொறுமொறு ரொட்டி கனத்துக்கு. படகு அசைய அசைய உடையுது. ரக்னா, அது அசையுது. பின்பக்கம் மேல வருது.

— அவசரப்படாதீங்க. ஒரே பக்கமாத் தள்ளினா சாஞ்சுடும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.

— ஓட்டை தெரியுது. தண்ணிக்கு மேல ஒரு விரக்கடை.

— ஒரு சாண் ஆகட்டும். அப்புறம் முன்பக்கமா ஏறி, உள்ள இருக்கற தண்ணியைக் கை பம்ப்பால இறைச்சுடுங்க. உங்ககிட்ட கை பம்ப்பு இருக்காது. என் படகுல, உக்கார்ற பலகைக்கு அடியில இருக்கு.

— தெரியும். சிவப்புப் பிடி போட்டது.

— அது எப்படி உங்களுக்கு... இருக்கட்டும். முடிஞ்சதும் சொல்லுங்க.

— முடிஞ்சுது. நாப்பது நிமிஷம் இறைச்சேன். கடவாப்பல் நேரா நிக்குது. மூக்கும் வாலும் ஒரே மட்டத்துல. கை ரெண்டும் செத்துப்போச்சு, ஆனா ஃபிளாஸ்க்குல காபி இருக்கு. வெயிலும் லேசா வந்திருக்கு. ரொம்ப நாள் கழிச்சு நல்லாருக்கு, ரக்னா.

— குடிங்க. டாக்டரே, ஒண்ணு கேக்கணும். மூணு நாளா யார்கிட்டயாவது கேக்கணும்னு நினைச்சு, பதில் என்ன வருமோன்னு விட்டுட்டேன். துறைத் தலைவருக்கு மட்டும் போன் போட்டேன், அவர் கேனரித் தீவுல வெயில் காயறாராம். உங்க படகுக்கே இந்தக் கதின்னா... என் கிளாரா?

— கிளாரா நல்லா இருக்கா.

— பனி?

— இல்ல.

— எப்படி இல்ல? தானா வழுக்கிடுச்சா?

— கிண்டல் பண்ணாதே. மூணு நாளா நான்தான் தள்ளறேன். பாவம், விசிறியும் கிடையாது, மணியும் கிடையாது. உன் படகைத் தொடக்கூடாதுன்னு பந்தயத்துல எதுவும் இல்ல.

— பக்கத்துலயே உங்க படகு முழுகிட்டிருந்துச்சே, மனுஷா!

— அதைப் பாத்தா கை பரபரக்கும். அதனால முதுகைக் காட்டிட்டு நின்னேன்.

— நன்றி, டாக்டரே.

— இருக்கட்டும்.

— வெறுமனே பனியைத் தள்ளிட்டு வந்துட்டீங்களா, இல்ல ஏதாவது பேசினீங்களா அவகிட்ட?

— முதல் நாள் பேசல. அன்னிக்குப் பூரா முகத்தைத் தூக்கி வெச்சிருந்தா.