நாலாவது தடவை முதல் பாடம்

வேம்புலி: ...பத்து நிமிசம்னான் அந்த பியூனு, அரை மணி ஆவுது. நீங்களும் புள்ள விசயமா பிரின்சிபாலைப் பாக்கத்தான் குந்திக்கினு கீறீங்களாம்மா?

எவாஞ்சலின்: ம்... கூப்பிட்டு அனுப்பினாங்க.

வேம்புலி: நான் கம்ப்ளெய்ண்டு குடுக்க வந்துகிறேன். நேத்து போன்ல சொன்னேன், எழுதிக்கினு வான்னாங்க. ரெண்டு பக்கம் எழுதிகிறேன் பாருங்க. எம்பொண்ணு சுவேதா, மெக்கானிக்கல், மொத வருசம். ஸ்டாடிக்ஸுன்னு ஒரு பாடமாம்...

எவாஞ்சலின்: ஆமா. அசையாம இருக்கற பொருள் மேல என்னென்ன விசை வேலை செய்யுதுன்னு கணக்குப் போடற பாடம்.

வேம்புலி: இன்னாவோ. கிளாஸ்ல ஒரு டவுட்டு கேட்டுச்சாம். அதுக்கு அந்த மிஸ்ஸு அத்தினி பேர் எதிர்ல, உனக்காக மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்களாம். கிளாஸே சிரிச்சிச்சாம். மூணு நாளா புள்ள ஊட்ட வுட்டு வெளிய வர்ல.

எவாஞ்சலின்: மூணு நாளாவா...

வேம்புலி: பின்ன? சொல்லித்தர்றதுதானே அவங்க வேல?

எவாஞ்சலின்: அந்த மிஸ்ஸை எனக்குத் தெரியும். பட்டாபிராம்லேர்ந்து தினம் ஒரே ட்ரெய்ன்தான்.

வேம்புலி: அப்ப நீங்களே சொல்லுங்க. திமிரு புடிச்ச...

எவாஞ்சலின்: திமிரெல்லாம் இல்ல. அலுத்துப் போச்சு அவங்களுக்கு. காலேஜ் திறந்த அன்னிக்கு மேல ஃபேனைக் காட்டித்தான் பாடத்தை ஆரம்பிச்சாங்க. இது சும்மா தொங்கல, பூமி கீழ இழுக்குது, கம்பி அதே அளவு மேல இழுக்குது, அதனாலதான் உங்க தலை தப்பிச்சுதுன்னு. பசங்க சிரிச்சாங்க. மிஸ்ஸுக்கும் சந்தோஷம். பத்து நாள்ல சீட்டுக்கு அடுத்த ரவுண்டு கவுன்சிலிங், பதினஞ்சு பேர் வந்து சேர்ந்தாங்க. டிபார்ட்மெண்ட் தலைவர், ஹெச்ஓடி, முதல்லேர்ந்து எடுங்கன்னார். எடுத்தாங்க. அதே ஃபேன்.

வேம்புலி: சரி...

எவாஞ்சலின்: அப்புறம் ஒன்பது பேர். திரும்ப முதல்லேர்ந்து. அவங்க ஃபேனைக் கைகாட்டறதுக்குள்ள பின் பெஞ்சுல ஒரு பையன் மொத்தத்தையும் ஒப்பிச்சுட்டான், தலை தப்பிச்சது வரைக்கும்.

வேம்புலி: ஹ...

எவாஞ்சலின்: சிரிக்காதீங்க. அடுத்த வாரம் டெஸ்ட், இன்னும் ஒரு கணக்குகூடப் போடல. முதல்ல சேர்ந்த பிள்ளைங்க எப்ப மிஸ் பாடம்னு நச்சரிக்குது. அந்த நேரத்துல நாலாவதா ஒரு ஆறு பேர் வாசல்ல வந்து நிக்கறாங்க.

வேம்புலி: அதுல ஒண்ணு எம்பொண்ணு.

எவாஞ்சலின்: நேரா முதல் பெஞ்சுல உக்காந்தா. ஃப்ரீ பாடி டயக்ராம்னா என்ன மிஸ்னு கேட்டா. நியாயமான கேள்வி. ஒரு பொருளை மட்டும் தனியா வரைஞ்சு, அதை எது எது இழுக்குது, எது தள்ளுதுன்னு அம்புக்குறி போடறது. சொல்ல ஒரு நிமிஷம் ஆகும்.

வேம்புலி: அத்த சொல்லிர்க்கலாம் இல்ல?

எவாஞ்சலின்: சொல்லலையே. மணி அடிக்கற வரைக்கும் அந்தப் பொண்ணு பேனாவை மூடி வெச்சுட்டு உக்காந்திருந்தா. அதைப் பார்த்துக்கிட்டேதான் பாடம் நடத்தினாங்க.

வேம்புலி: ...இத்தல்லாமா ட்ரெய்ன்ல சொன்னாங்க?

எவாஞ்சலின்: ம். நான் ஒண்ணு கேக்கறேன். சுவேதா மார்க்குக்கு முதல் ரவுண்டுலயே சீட்டு கிடைச்சிருக்கணுமே. ஏன் கடைசியா வந்தா?

வேம்புலி: அது... கவுன்சிலிங்குல இன்னாவோ லேட்டு. கம்ப்யூட்டரு. நமக்கின்னா தெரியும், மண்ணூர்பேட்டைல தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல கீறவன்.

எவாஞ்சலின்: லேட்டு. ஹெச்ஓடியைக் கேட்டாலும் லேட்டு, ஆபீஸ்ல கேட்டாலும் லேட்டு. யார் பண்ணின லேட்டுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. கடைசியில போர்டு முன்னாடி நிக்கறவ தலையில விடியுது.

வேம்புலி: கோச்சிக்காதீங்கம்மா... உங்கள ஒண்ணும் சொல்லலயே.

பியூன் தமிழரசு: எவாஞ்சலின் மேடம், உள்ள வரச் சொல்றாங்க. அந்த ஸ்டாடிக்ஸ் கிளாஸ் கம்ப்ளெய்ண்ட் விஷயமா. அண்ணே, நீங்களும் லெட்டரோட வாங்க.

வேம்புலி: ...மேடமா? அப்ப அந்த மிஸ்ஸு...

எவாஞ்சலின்: நான்தான். எழுதினதை அப்படியே குடுங்க. சொன்னது தப்புதான், நான் மறுக்கப் போறதில்ல. வாங்க.

வேம்புலி: இருங்கம்மா, கதவத் தொறக்காதீங்க... சீட்டு மொத ரவுண்டுலயே வந்துச்சி. பொம்பளப் புள்ளைக்கு மெக்கானிக்கல் இன்னாத்துக்குன்னு... அந்த சீட்ட ஒத்துக்கினேன்னு கம்ப்யூட்டர்ல போட ஓடிபி நம்பர் கேட்டுச்சி, அது எம்போனுக்குத்தான் வந்துச்சி. பக்கத்துல நின்னு அழுதுகினே கேட்டுச்சி புள்ள. கடைசி ரவுண்டு வரிக்கும் நாந்தான் குடுக்கல.