பாட்டில் இருக்க வேண்டிய இடம்

காலையில் எழுந்ததும் முதலில் கை கழுவுவேன். கார்பாலிக் சோப்பு, முழங்கை வரை. பிறகு பல் விளக்கிக் காப்பி போடுவேன். டம்ளரை இன்னொரு தடவை அலம்பிவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வேன். திருப்பாச்சூரிலிருந்து சைக்கிளில் திருவள்ளூர் பள்ளிக்கூடம். வகுப்புக்குள் நுழையுமுன் மறுபடியும் கழுவுவேன். விஞ்ஞானம் எடுக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஆளைக் கொல்லும் என்று பையன்களை நம்பவைப்பதுதான் அதில் கடினம்.

ஆஸ்பத்திரி நர்ஸ் லட்சுமியம்மாளை வேலையிலிருந்து நீக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவர் சுத்தம் பார்க்காததால்தான் என் மனைவி சம்பூர்ணம் இறந்தாள் என்று மாமனார் மனு கொடுத்திருக்கிறார். அது தவறு. அதனால்தான் அந்த மனுவை விசாரிக்கும் உங்களிடம் வந்தேன், ஐயா.

குழந்தை இறந்தே பிறந்தது. நெடுநேரப் பிரசவத்தில் சம்பூர்ணத்தின் மூத்திரப்பை செயலிழந்துவிட்டது. ரப்பர் குழாய் செருகி, மறுமுனையைக் கட்டிலுக்கடியில் ஒரு பாட்டிலுக்குள் விட்டிருந்தார்கள். குழாயைக் கொதிக்கவைக்காமல் லட்சுமியம்மாள் ஒருநாளும் போட்டதில்லை. என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்.

"இன்னா வாத்தியாரே, மூக்க மூடிக்கினு நிக்கிறீங்க? பாட்டிலு எப்பவும் கட்டிலுக்குக் கீழதான் இருக்கணும். மேல தூக்கினா வந்ததெல்லாம் திரும்பி உள்ள பூடும். அப்பறம் குளிர் காய்ச்சலுதான். பாடம் எடுக்கிறவருக்கு நான் சொல்லணுமா?"

சம்பூர்ணம் சிரித்தாள். "அவரு ஊருக்கெல்லாம் சொல்லுவாரு அக்கா. அவருக்கு யாரும் சொல்லக் கூடாது."

அந்த நாற்றம் என் வேட்டியில் இருந்தது. சைக்கிள் கைப்பிடியில் இருந்தது. தயிர் சோற்றைப் பிசைந்தால் அதிலும் இருந்தது. எத்தனை தடவை கழுவினாலும் விரலிடுக்கில் நின்றது. கல்யாணத்தன்று மல்லிகை வாசத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தவளிடமிருந்து இது வருகிறது என்பதை என் வயிறு ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, மற்ற ஆசிரியர்களோடு பார்க்க வந்தார். நுரைத்த மஞ்சள் பாட்டில் அவர் காலடியில் இருக்கப்போகிறது. அவர்கள் வராந்தாவில் வரும்போதே அதைத் தூக்கிக் கட்டிலின் மேல் சாய்த்துவைத்துப் போர்வையால் மூடினேன். வெயிலைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். போர்வையை விலக்கினேன். பாட்டிலில் இருந்தது குறைந்திருந்தது. மறுநாள் அவளுக்கு நடுக்கிக்கொண்டு காய்ச்சல் வந்தது.

அது யோசிக்காமல் செய்தது.

லட்சுமியம்மாள் சல்ஃபா மாத்திரையும் பார்லித் தண்ணீருமாகக் கொடுத்து அவளை மீட்டுவிட்டார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பை இனிச் சரியாகாது, குழாயோடு வீட்டுக்கு அழைத்துப்போங்கள், கழுவி மாற்ற நீங்கள் பழகிக்கொள்ளுங்கள் என்றார். இன்னொரு காய்ச்சலை அவள் உடம்பு தாங்காது என்றும் சொன்னார். முதலில் சொன்னதைவிட இரண்டாவதாகச் சொன்னதை நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு, லட்சுமியம்மாள் மதியம் சாப்பிடப் போகும் நேரங்களில் பாட்டிலை மேலே வைத்தேன். அப்போது பார்க்க யாரும் வரவில்லை. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன். சற்று நேரம் கழித்துக் கீழே இறக்கிவைத்துவிட்டுக் கை கழுவினேன். லட்சுமியம்மாள் திரும்பி வரும்போது எல்லாம் அவர் வைத்தபடியே இருக்கும்.

சம்பூர்ணம் தூங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு எதுவும் தெரியாது. ஆயுசுக்கும் அந்தக் குழாயோடு கிடக்கும் அவமானத்திலிருந்து அவளை விடுவித்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தமுறை மாத்திரை கேட்கவில்லை.

சாவு வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. வேளைக்குச் சாப்பிடுங்கள் என்றாள் என்று சொன்னேன். மாமியார் அதையே சொல்லிச் சொல்லி அழுதார்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. கடைசி மதியம் பாட்டில் போர்வைக்குள் இருந்தது. அது சரியாமல் நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கண் மூடியிருந்தது. போர்வைக்குள்ளிருந்து அவள் கை நகர்ந்து வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கியது.

"பாட்டில நான் புடிச்சிக்கிறேங்க. நீங்க கைய கழுவிக்கினு ஊட்டுக்குப் போங்க."