டேப் சுத்தின டப்பா

இந்த டப்பாவ இவ்வளவு அழகா மூடுறீங்களே மாப்பிள்ளை, என்னைக்காவது திறந்து பாத்திருக்கீங்களா? ஈரக் கையோட, குளிர்ல விரல் மரத்துப்போய்? இல்ல, சும்மாதான் கேக்குறேன். உக்கார வரல, நிக்கிறேன். குடிக்கவும் ஒண்ணும் வேணாம்.

மலையில மாட்டிக்கிட்டா உதவணும்னு நல்லாத்தான் அடுக்குறீங்க. மெழுகு தடவுன தீக்குச்சி, விசில், சின்னக் கண்ணாடி, பிளேடு, கயிறு. உள்ளங்கை அகல டப்பாவுல ஒரு குடித்தனமே நடத்திடலாம். அப்புறம் எதுக்கு இந்தக் கறுப்பு டேப்? தண்ணி போகக்கூடாதா. சரி. ஒரு சுத்து போதாதா? சுத்து மேல சுத்து சுத்தி, முனை எங்கன்னே தெரியாம நகத்தால நீவி விடுறீங்க. மாப்பிள்ளை சட்டை மடிச்சா ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கும்னு ஊரெல்லாம் பெருமை பேசினவன்தான் நானும்.

ஒருத்தன், வீடு தீப்பிடிச்சா அணைக்கணும்னு ஒரு ரூம் நிறைய தண்ணி சேத்து வச்சானாம். ஒரு சொட்டும் வீணாகக்கூடாதுன்னு பூட்டும் போட்டானாம். நெருப்பு வந்தப்ப சாவியத் தேடிக்கிட்டு நின்னானாம். சிரிக்காதீங்க, அவன் நீங்கதான். ஒரு பொருள பத்திரமா வைக்கிறது வேற, ஆபத்துல அது கைக்கு உதவுறது வேற. மொதலாவதுல உங்க பெருமை இருக்கு. ரெண்டாவதுல அடுத்தவங்க உசுரு இருக்கு.

செத்தவள ஏன் இழுக்குறேனா? நானா இழுக்குறேன்? என் தங்கச்சி மலையில வழி தப்பினா, பையில டப்பா இருந்தும் பதட்டத்துல மறந்துட்டா, புத்தி வேலை செய்யலன்னு துக்கம் கேக்க வந்தவங்க அத்தனை பேர்கிட்டயும் சொன்னது யாரு? பெத்த பொண்ணுகிட்டயும் அதையேதான் சொல்லி வளத்திருக்கீங்க. நேத்து போன்ல அந்தப் பிள்ளை, மாமா, நான் அம்மா மாதிரி மறக்கமாட்டேன்னு சொல்லுது. அதான் கிளம்பி வந்தேன்.

அவ மலைக் குளிர்ல விறைச்சுச் செத்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்களால எழுந்து நிக்க முடியல. அவ பையை வாங்கினவன் நான். இதை உங்ககிட்ட காட்டவே கூடாதுன்னுதான் இருந்தேன். இந்தாங்க, நீங்க டேப் சுத்திக் குடுத்த அவ டப்பா. திறக்கலதான். டேப்போட ஓரத்தப் பாருங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு பாருங்க, அவசரமில்ல. பூரா பல்லு பட்ட தடம். மறந்தவ எதுக்குக் கடிக்கிறா?

எனக்குப் பதில் சொல்லவேணாம். சாயங்காலம் பஸ் வந்துரும், பிள்ளை அதே மாதிரி ஒரு மலைக்குக் கிளம்பிடும். பிள்ளையக் கூப்பிடுங்க. அம்மா மறக்கலன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் ஐஸ் தண்ணியில கைய முக்கி வைக்கச் சொல்லிட்டு, நீங்க இப்ப மூடினீங்களே, அந்த டப்பாவ அது கையில குடுங்க. திறக்க முடியுதான்னு ரெண்டு பேரும் நின்னு பாப்போம். நாளைக்கில்ல, மாப்பிள்ளை. இப்பவே கூப்பிடுங்க.