அமிர்தம் நிறுத்திய ஃபேன்

விசாரணைக்கு வந்த இடத்தில் டீ ஆறிவிடப் போகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள் சார். அந்தப் பீங்கான் கோப்பை எங்கள் கம்பெனியில் வார்த்ததுதான். கைப்பிடி சேர்ந்த இடத்தில் கீறல் தெரிகிறதா? தெரியாது. அமிர்தம் என்ற பெண் ஒட்டியது.

நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த இரண்டாயிரத்து மூன்றில் எங்கள் சூளை அணையும் நிலையில் இருந்தது. வார்த்த கோப்பைகள் காயும்போதே வெடித்தன. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஆளுங்களுக்கு வேலைல அக்கறையே இல்ல. பொங்கலுக்குள்ள சரியாவலன்னா பூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். எனக்கும் வேறு பிழைப்பு இல்லை.

காரணம் அக்கறையின்மை அல்ல, காற்று. ஈரக் கோப்பையில் ஒரு பக்கம் காற்றுப் பட்டால் அந்தப் பக்கம் முந்திக் காய்ந்து வெடித்துவிடும். அதே கூடத்தில்தான் காய்ந்த கோப்பைகளைத் தேய்ப்பார்கள். அந்தத் தூசை வெளியே இழுக்க எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும். நடுவில் ஒரு சுவர் கட்டச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். ஒருமுறைதான் கேட்டேன்.

பிறகு ஆட்களை உட்காரவைத்துப் பேசினேன். "இது நம்ம கம்பெனி. ஃபேன் ஓடுனா சரக்கு வெடிக்குது. என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர்கள் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருந்தேன். அமிர்தம்தான் எழுந்துபோய் நிறுத்தினாள். நான் கைதட்டினேன். எல்லோரும் தட்டினார்கள்.

அதன்பிறகு அவர்களுக்கு வந்த ஈடுபாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று கூட வேலை செய்த தங்கராசு ஃபேனைப் போட்டால் அவர்களே திட்டி நிறுத்துவார்கள். வெடிப்பு நின்றது. வெளியூர் ஆர்டர் வந்தது. சிறந்த தொழிலாளி என்று அமிர்தத்துக்குக் குத்துவிளக்கு கொடுத்தோம்.

சில வருடத்தில் அவளுக்கு இருமல் தொடங்கியது. அந்தத் தூசு நுரையீரலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், படிப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"வூட்டுல வெறகு அடுப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க சார்."

"அப்ப அந்தப் பொகதான்."

நம்பினாள்.

போன வாரம் பெரியாஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தாள், மூக்கில் ஆக்சிஜன் குழாய். "வெக்கையா இருக்குது சார். யாராச்சும் ஃபேனப் போட்டுடப் போறாங்க, பாத்துக்கங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் போய்விட்டாள். தங்கராசும் இன்னும் நான்கு பேரும் அதே வார்டில்தான் இருக்கிறார்கள்.

தெரிந்தேதான் விட்டேன் சார், மறைக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சுவிட்சை நான் ஒருநாள்கூடத் தொட்டதில்லை.