முதுகு வளையாமல்

காந்திபுரத்தில் கிளம்பிய டவுன் பஸ்ஸில், முன்சீட்டிலிருந்த ஐம்பது வயதுப் பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னார்:

"இன்னைக்கு ஜிம்முல அம்பது கிலோ கம்பியைத் தூக்கிட்டேனுங்க்கா."

"உனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம்?"

"பக்கவாதம் வந்ததுல இருந்து ஊட்டுக்காரரை நாந்தானுங்களே கட்டில்ல இருந்து தூக்கறேன். ஒருநா ரெண்டு பேருமே கீழ உழுந்துட்டோம். அதான் முறையாப் பழகறேனுங்க. முதுகை வளைக்காம, முட்டியை மடக்கி, காலை நல்லா ஊனித் தூக்கோணும்னு கோச்சு சொல்லிக்குடுத்தாரு."

"இப்ப முடியுதா?"

"நேத்து ஒரே மூச்சுல எந்திரிக்க வெச்சுப்போட்டேனுங்க. நாற்காலில உக்கார வெக்கலாம்னு பார்த்தா, என் தோள்ல இருந்து கையை எடுக்கல. 'கொஞ்ச நேரம் இப்படியே நிக்கலாம் அம்மணி'ன்னாரு."

"நின்னியா?"

"குக்கர் விசிலடிக்கற வரைக்கும் நின்னோமுங்க்கா."