முனீஸ்வரனுக்கு முதல் மரக்கால்

விருத்தாசலத்திலிருந்து மங்களூர் போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் இருந்தார்கள். வண்டி கிளம்பியதும் அந்த அம்மா உரக்கக் கேட்டார்.

“முனீஸ்வரனுக்குப் பீரு படைக்கலாமாங்க?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“மெதுவாப் பேசு. சோளம் மொத்தமும் பீரு கம்பெனிக்குன்னு கையெழுத்துப் போட்டாச்சு.”

“வருசா வருசம் மொத மரக்கால் சோளம் சாமிக்குத்தான? கெணறு வத்தியும் பயிரு நின்னுச்சே, யாரால?”

“அதத்தான் கம்பெனி ஆபீசருகிட்ட சொன்னேன். சிரிச்சிட்டு, சோளத்துக்குப் பதிலா பீரே தரேன்னாரு. ரெண்டு பாட்டிலு கேட்டிருக்கேன். நம்ம முனீஸ்வரன் சாராயமே குடிக்கிறவரு, வேணாம்பாரா?”

“சாமிக்குச் சாராயம் எப்பவும் ஒரு பாட்டிலுதான படைப்போம்?”

“ஆமா.”

“அப்ப இன்னொரு பாட்டிலு எந்தச் சாமிக்குங்க?”