தன்சீல் பாய் தள்ளிய சாமான்

— பாய், மடக்காதீங்க! உடைஞ்சிடும். அது கிராபிக்ஸ் கார்டு, ஆட்டுத்தோல் இல்ல.

— மடங்கலியே நவநீதா. தள்ளு.

— என் கடையிலயே நல்ல கார்டு பாய் இது. எம்மாம் பெரிய படம்னாலும் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அலசிடும்.

— அதான் வேணாங்கறேன்.

— நெஜமா வேணாமா? இன்னொரு வாட்டி சொல்லுங்க.

— இருவத்தாறு வருசமா டேனரில தோல் ரகம் பிரிக்கிற கை இது. தள்ளுனா தள்ளுனதுதான்.

— சரி, இந்தப் பக்கம் வெக்கிறேன். மெமரி பதினாறு ஜிபி போட்டுக்கலாம்... அய்யோ, அத ஏன் மோந்து பாக்கறீங்க?

— வாசனையே இல்ல. தள்ளு. நாலு ஜிபி இருக்குதா?

— நாலுல ஒரு போட்டோ தொறக்கறதுக்குள்ள நீங்க டீ குடிச்சிட்டு வந்துடலாம்.

— மாஷா அல்லா! அதக் குடு.

— ஃபேன் இது ஓகேவா?

— காத்து ஜாஸ்தி அடிக்கிது. தூசி புடிச்சது ஒண்ணும் இல்லியா?

— இன்னா பாய், பேஜாரா இருக்குது! உங்க முதலாளி பட்ஜெட் அறுவதாயிரம். நீங்க பதினெட்டாயிரத்துலயே நிக்கிறீங்க.

— உனக்கு சொல்றதுக்கு இன்னா. இந்தக் கம்ப்யூட்டர்ல கேமரா மாட்டுனா, எது நல்ல தோலு, எது உண்ணி கடிச்ச தோலுன்னு அதுவே பிரிக்குமாம். ஒரு மாசம் அதுக்கும் எனக்கும் போட்டி. அது ஜெயிச்சா நான் வூட்டுக்குப் போவ வேண்டிதான்.

— அடப்பாவமே! அத வாங்கிட்டு வர உங்களையேவா அனுப்புனாரு?

— "பொருள் பாக்கறதுல தன்சீல் கை தப்பாது"ன்னாரு. அதக் கேட்டு பெருமை வேற எனக்கு, புத்தி கெட்டவன். அம்பத்திரண்டு வயசுல யாருப்பா வேல குடுப்பாங்க? எம் பொண்ணு சானியாவுக்கு காலேஜ் இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. பயமா இருக்குது நவநீதா.

— பாய்...

— இன்னாப்பா, மூஞ்சி தொங்கிப் போச்சு? நான் எடுத்து வெச்சத மாட்டிக் குடு, கெளம்பறேன்.

— கோச்சுக்காதீங்க பாய். எதுக்குன்னு எனக்கு இப்பத்தான் புரியுது. காலையிலயே உங்க முதலாளி போன் பண்ணாரு. "தன்சீல் வருவான், அவன் எதெல்லாம் வேணாம்னு தள்றானோ அதையெல்லாம் மாட்டிக் குடு"ன்னாரு.